காத்திருக்க மறுத்த கைதி



நவம்பர் மாதம் நம்மைக் கல்லறைத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லும் மாதம். இம்மாதத்தின் இரண்டாம் நாள், நம் உறவினர்களின் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றிச் செபித்தோம். அங்கே நின்றபோது, காலம் இவ்வளவு வேகமாக ஓடிவிட்டதா என்ற எண்ணம் நம்மில் பலருக்கும் எழுந்திருக்கும். அப்பா இறந்து பத்து ஆண்டுகளா, அக்காள் போய் ஆறு ஆண்டுகளா என்று நாம் விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறோம். 90ஆம் திருப்பாடலும் இப்படித்தான் எண்ணிப் பார்க்கிறது. மனித வாழ்வை, காலையில் தளிர்த்து மாலையில் வாடிப்போகும் புல்லுக்கு ஒப்பிடுகிறது. மனிதரின் ஆயுள் எழுபது, உடலில் வலு இருந்தால் எண்பது என்று கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கை மனத்தில் வைத்து வாழும் ஞானத்தைக் கடவுளிடம் கேட்கிறது.

வாழ்வு குறுகியது என்பதை அறியாதவர் நம்மில் யாருமில்லை. அறிந்தும் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. 'மகனின் படிப்பு முடியட்டும், மகளின் திருமணம் நடக்கட்டும், வீட்டுக்கடன் அடையட்டும், பணி ஓய்வு கிடைக்கட்டும். அதற்குப்பிறகு நிம்மதியாகச் செபிக்கலாம், பேசாமலிருக்கும் தம்பியோடு பேசலாம், கோவிலுக்கு ஏதாவது செய்யலாம்' என்று நாம் நாட்களை ஒத்திப்போடுகிறோம். வாழ்வு இனிமேல்தான் தொடங்கப்போகிறது என்பதுபோல, அதன் வாசலிலேயே உட்கார்ந்து காத்திருக்கிறோம்.

காத்திருப்பதற்கு எல்லாக் காரணங்களும் இருந்த ஒரு மனிதர், காத்திருக்க மறுத்த வரலாற்றை இன்று நாம் சிந்திப்போம். அவர் நம் ஆசியக் கண்டத்தைச் சேர்ந்தவர். வியட்நாம் நாட்டின் கர்தினால் பிரான்சிஸ் சேவியர் நுவென் வான் துவான்.

1928ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள், மத்திய வியட்நாமின் ஹுவே நகரில் வான் துவான் பிறந்தார். அவரது குடும்பம் மறைசாட்சிகளின் வழிவந்தது. 1885ஆம் ஆண்டு, அவரது தாயின் ஊரைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் எல்லாரும் பங்குக்கோவிலுக்குள் வைத்து உயிரோடு எரிக்கப்பட்டனர். அப்போது மலேசியாவில் படித்துக்கொண்டிருந்த அவரது தாத்தா மட்டுமே தப்பினார். தந்தைவழியில், அவரது கொள்ளுத்தாத்தா பதினைந்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, சிறையிலிருந்த தன் தந்தைக்குச் சோறும் உப்பும் கொண்டுசெல்ல நாள்தோறும் 30 கிலோமீட்டர் நடந்தாராம். எழுதப் படிக்கத் தெரியாத அவரது பாட்டி, ஒவ்வொரு மாலையும் குடும்பச் செபம் முடிந்தபின், அருள்பணியாளர்களுக்காகத் தனியாக இன்னொரு செபமாலை சொல்வாராம். இந்தக் கதைகளைக் கேட்டே வான் துவான் வளர்ந்தார். உயிர் எந்த நாளிலும் பறிக்கப்படலாம் என்பதும், அந்த நாள்வரை அன்றாடக் கடமையை அன்போடு செய்யவேண்டும் என்பதும் அவருக்கு வீட்டிலேயே கிடைத்த மறைக்கல்வி.

1953ஆம் ஆண்டு அவர் அருள்பணியாளராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவரது தாயின் உடன்பிறந்தவரான ங்கோ தின் தியெம், பின்னர் தென் வியட்நாமின் அரசுத்தலைவரானார். 1963ஆம் ஆண்டு இராணுவப் புரட்சி நடந்தது. இறந்த நம்பிக்கையாளர் அனைவரையும் நினைவுகூரும் நவம்பர் 2ஆம் நாளன்றே, தியெமும் அவருடைய தம்பியும் சுட்டுக்கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு இன்னொரு மாமாவும் மரண தண்டனைக்கு உள்ளானார். அரண்மனையில் வாழ்ந்தாலும் ஆயுள் நம் கையில் இல்லை என்பதை அந்தக் குடும்பம் அழுகையோடு கற்றுக்கொண்டது.

1967ஆம் ஆண்டு, 39ஆம் வயதில், அவர் நா ட்ராங் மறைமாவட்டத்தின் ஆயரானார். போர் நடந்துகொண்டிருந்த அந்த எட்டு ஆண்டுகளில், பெரிய குருமடத்தின் மாணவர்கள் 42லிருந்து 147ஆகவும், சிறிய குருமடத்தின் மாணவர்கள் 200லிருந்து 500ஆகவும் பெருகினர். பொதுநிலையினருக்கும், இளையோருக்கும், பங்கு அவைகளுக்கும் பயிற்சி தந்தார். வரப்போகும் நாட்களுக்காக உழைத்த மனிதர் அவர். நாட்களை வீணடித்தவர் என்று யாரும் அவரைச் சொல்லமுடியாது.

1975ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைச் சைகோன் உயர்மறைமாவட்டத்தின் வாரிசுரிமை பெற்ற இணைப் பேராயராக நியமித்தார். ஆறே நாட்களில், ஏப்ரல் 30ஆம் நாள், சைகோன் நகரம் வடக்கு வியட்நாம் படையினரிடம் வீழ்ந்தது. முன்னாள் அரசுத்தலைவரின் மருமகன், வத்திக்கானால் அனுப்பப்பட்டவர் என்ற இரண்டு காரணங்களுமே புதிய ஆட்சியாளர்களின் சந்தேகத்திற்குப் போதுமானவையாக இருந்தன. ஆகஸ்ட் 15, அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா அன்று, அவர் விடுதலை அரண்மனைக்கு வரவழைக்கப்பட்டுக் கைது செய்யப்பட்டார். உடுத்தியிருந்த அங்கியும், அதன் பையிலிருந்த செபமாலையும் மட்டுமே அவருடைய உடைமைகள். ஏறத்தாழ 450 கிலோமீட்டர் தூரம் காரில் கொண்டுசெல்லப்பட்டு, தன் பழைய மறைமாவட்டத்தின் ஒரு சிற்றூரில் காவலில் வைக்கப்பட்டார்.

அன்பர்களே, அன்று தொடங்கிய சிறைவாழ்வு 1988ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் முடிந்தது என்பது இன்று நமக்குத் தெரியும். அது 13 ஆண்டுகளுக்கும் மேல். நாட்களாகக் கணக்கிட்டால் 4,847 நாட்கள். அவற்றில் ஒன்பது ஆண்டுகள் தனிமைச் சிறை. வழக்கு விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை, ஆகவே, தண்டனைக்கால முடிவு என்ற ஒன்றும் இல்லை. இத்தனை ஆண்டு தண்டனை என்று தெரிந்த கைதி, சுவரில் கோடு போட்டு நாட்களைக் கழிக்கலாம். எத்தனை என்பதே தெரியாதவர் எதிலிருந்து எதைக் கழிப்பார்? ஒவ்வொரு காலையும் அதுவே கடைசி நாளாக இருக்கலாம். அல்லது, அதைப்போலவே இன்னும் ஆயிரம் நாட்கள் வரலாம்.

சற்று எண்ணிப் பார்த்தால், நம் நிலையும் அதுதானே? நம் ஆயுளில் இன்னும் எத்தனை நாட்கள் மீதமிருக்கின்றன என்று நம்மில் யாருக்குத் தெரியும்?

கைதான அந்தத் தொடக்க நாட்களில், ஓர் அமெரிக்க மறைப்பணி ஆயர் அவரது நினைவுக்கு வந்தார். சீனாவில் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்து, 1970ஆம் ஆண்டு விடுதலையான ஆயர் வால்ஷ் அவர்கள், தன் வாழ்நாளில் பாதியைக் காத்திருப்பதிலேயே கழித்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். அது உண்மைதான் என்று வான் துவான் நினைத்தார். எல்லாக் கைதிகளும் ஒவ்வொரு நிமிடமும் விடுதலைக்காகத்தானே காத்திருக்கிறார்கள்? ஆனால் அவர், தான் காத்திருக்கப்போவதில்லை என்று முடிவு செய்தார். கையில் இருக்கும் இந்தக் கணத்தை அன்பால் நிரப்பி வாழ்வது என்று தீர்மானித்தார். விடுதலை வருமோ வராதோ. இந்த நாள் வந்துவிட்டது. இதைக் கடவுளுக்குக் கொடுப்பதை யாரும் தடுக்கமுடியாது.

நல்ல தீர்மானம் எடுப்பது நமக்கும் பழக்கமானதுதான். புத்தாண்டு இரவுத் திருப்பலியில் எத்தனை தீர்மானங்கள் எடுக்கிறோம்! தீர்மானம் ஒரு செயலாக மாறும்போதுதான் அது வாழ்வாகிறது. தன்னைவிட்டுப் பிரிக்கப்பட்ட மக்களுக்கு எப்படி ஆயராக இருப்பது என்று வான் துவான் சிந்தித்தார். சிறையிலிருந்து திருமுகங்கள் எழுதிய புனித பவுல் அவருக்கு வழிகாட்டினார். ஆனால் எழுதுவதற்குத் தாள் இல்லை. அக்டோபர் மாதத்தில் ஒருநாள், விடியுமுன்னே திருப்பலி முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவனைச் சைகையால் அழைத்து, பழைய நாள்காட்டிகளை வாங்கித்தரும்படி அம்மாவிடம் சொல்லச் சொன்னார். அன்று இரவே சிறுவன் அவற்றைக் கொண்டுவந்தான். அக்டோபர், நவம்பர் மாத இரவுகளில், அந்த நாள்காட்டித் தாள்களின் பின்புறத்தில் தன் மக்களுக்காகச் சிறுசிறு சிந்தனைகளை எழுதினார். காலையில் சிறுவன் அவற்றை எடுத்துச் செல்வான்; அவனுடைய அண்ணன்மாரும் அக்காள்மாரும் படியெடுப்பார்கள். அப்படி எழுதப்பட்ட 1,001 சிந்தனைகளே, பின்னர் 'எதிர்நோக்கின் பாதை' என்ற பொருள்படும் தலைப்பில் நூலாகி, பல மொழிகளில் வெளிவந்தன. யாரோ வாழ்ந்து முடித்துத் தூக்கிப்போட்ட நாட்களின் பின்புறத்தில், அவர் தன்னுடைய நாட்களை எழுதிவைத்தார்.

1976ஆம் ஆண்டு மார்ச் மாதம், அவர் தனிமைச் சிறைக்கு மாற்றப்பட்டார். சன்னல் இல்லாத அறை. ஈரத்தால் படுக்கைப் பாயில் காளான் முளைத்தது. சில நாட்கள் இரவும் பகலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சில நாட்கள் முழு இருட்டு. மூச்சு முட்டும்போது, கதவருகே தரையில் இருந்த ஓட்டையில் முகத்தை வைத்துக் காற்றை இழுப்பார். மழைக்காலத்தில் பூரானும் சிலந்தியும் அதே ஓட்டை வழியாக உள்ளே வரும். அவற்றை விரட்டக்கூட அவருக்கு உடலில் வலுவில்லை. சில நாட்களில் செபம் சொல்லக்கூட இயலவில்லை என்று அவரே பின்னர் பகிர்ந்துகொண்டிருக்கிறார்.

உடல் வேதனையைவிட அவரை வாட்டியது வேறொன்று. நாற்பத்தெட்டு வயது, உழைக்கும் வயது, எட்டு ஆண்டு அனுபவம். கட்டிய குருமடங்கள், தொடங்கிய பணிகள், அனுப்பத் திட்டமிட்ட மறைப்பணியாளர்கள் எல்லாம் கண்முன்னே சிதைகின்றன. தான் ஏன் இங்கே பயனற்றுக் கிடக்கவேண்டும் என்ற கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. ஓர் இரவு, அவரது உள்ளத்தின் ஆழத்தில் ஒரு தெளிவு பிறந்தது. கடவுள் வேறு, கடவுளுக்காகச் செய்யும் பணிகள் வேறு. அந்தப் பணிகள் அனைத்தும் நல்லவையே. ஆனால் அவற்றை விட்டுவிடக் கடவுள் கேட்டால், அவற்றை அவர் கையில் ஒப்படைத்துவிட்டு, அவரையே தேர்ந்துகொள்ளவேண்டும். தன்னைவிடத் திறமையானவர்களிடம் அவற்றைக் கொடுக்க அவருக்குத் தெரியும். இந்தத் தெளிவு தனக்குப் புதிய அமைதியைத் தந்ததாக வான் துவான் கூறியிருக்கிறார்.

ஒவ்வொரு நாளையும் பயனுள்ளதாக வாழவேண்டும் என்று சொன்னதும், ஒரு நாளைக்குள் எத்தனை வேலைகளைச் செய்யலாம் என்று நாம் பட்டியல் போடத் தொடங்குகிறோம். ஓடியாடி உழைக்கும்வரை அந்தப் பட்டியல் செல்லும். நம் பங்கிலேயே, பக்கவாதத்தால் படுத்துக்கிடப்போர் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ஞாயிறு மாலை வரும் ஒரு தொலைபேசி அழைப்புக்காக வாரம் முழுவதும் காத்திருக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். 'என்னால் இனி யாருக்கு என்ன பயன்? சாமி என்னைச் சீக்கிரம் எடுத்துக்கொள்ளக்கூடாதா?' என்று கேட்கும் பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களுடைய நாட்கள் வெறும் நாட்களா? எதையும் செய்ய இயலாத ஒரு மனிதரும் தன் நாளைக் கடவுளுக்கு முழுமையாகக் கொடுக்கலாம் என்பதே, சன்னல் இல்லாத அந்த அறையிலிருந்து நமக்கு வரும் நற்செய்தி.

1976ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இரவு, ஏறத்தாழ 1,500 கைதிகளுடன் அவரும் கப்பலில் ஏற்றப்பட்டு, வடக்கு நோக்கி அனுப்பப்பட்டார். கப்பலின் அடித்தளத்தில், இருட்டில், விரக்தியின் உச்சத்தில் ஒருவர் இரும்புக் கம்பியால் கழுத்தை இறுக்கி உயிரைவிட முயன்றார். மற்றவர்கள் வான் துவானை அழைத்தார்கள். அவர் பேசப் பேச, அந்த மனிதர் மனம் மாறினார். பல ஆண்டுகளுக்குப்பின், அமெரிக்காவில் அவரை மீண்டும் சந்தித்தபோது, கழுத்தில் தழும்பு இன்னும் இருந்தது. அந்தக் கப்பலில்தான் வான் துவானுக்கு இன்னொன்று விளங்கியது. இதுவே தன் பேராலயம். இந்தக் கைதிகளே கடவுள் தனக்கு இன்று கொடுத்த மக்கள். சைகோன் பேராலயத்திற்குத் திரும்பும் நாளுக்காக அவர் காத்திருந்திருந்தால், அந்த மனிதரை யார் காப்பாற்றியிருப்பார்?

கைதான மறுநாள், அத்தியாவசியப் பொருள்கள் கேட்டு எழுத அவருக்கு அனுமதி கிடைத்தது. வயிற்றுவலிக்கு மருந்தாகக் கொஞ்சம் திராட்சை இரசம் வேண்டும் என்று எழுதினார். மக்கள் புரிந்துகொண்டார்கள். வயிற்றுவலி மருந்து என்று சீட்டு ஒட்டிய சிறு குப்பியில் இரசமும், டார்ச் விளக்குக்குள் மறைத்த அப்பமும் வந்துசேர்ந்தன. அன்றுமுதல், உள்ளங்கையே பீடம், உள்ளங்கையே கிண்ணம். மூன்று சொட்டு இரசம், ஒரு சொட்டுத் தண்ணீர். தனிமைச் சிறையில், ஆண்டவர் உயிர்விட்ட பிற்பகல் மூன்று மணியளவில் திருப்பலி நிறைவேற்றுவார். வடக்கே முகாமில், இரவு ஒன்பதரை மணிக்கு விளக்குகள் அணைந்தபின், நினைவிலிருந்தே செபங்களைச் சொல்லித் திருப்பலி ஒப்புக்கொடுத்து, கொசுவலைக்கு அடியில் கையை நீட்டி மற்றவர்களுக்கு நற்கருணை வழங்குவார். சிகரெட் பெட்டியின் தாளில் சிறு பைகள் செய்து, அவற்றில் நற்கருணையை மறைத்துவைத்துக் கைதிகள் மாறிமாறி ஆராதனை செய்தார்கள். அவரது நாளின் நடுவில் திருப்பலி இருந்தது; மற்ற நேரமெல்லாம் அதைச் சுற்றி ஒழுங்காக அமைந்தது.

காவலர்கள் தொடக்கத்தில் அவரோடு பேசுவதில்லை. அவர்களை நேசிக்கலாம் என்று அவர் முடிவு செய்தார். தான் சென்ற நாடுகளைப் பற்றிச் சொன்னார். பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்பித்தார். காவலர்கள் கெட்டுப்போகக் கூடாதென்று, மேலதிகாரிகள் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை ஆட்களை மாற்றினார்கள். பிறகு மாற்றுவதை நிறுத்திவிட்டார்கள். இப்படியே போனால் எல்லாக் காவலர்களையும் அவர் தன் பக்கம் இழுத்துவிடுவார் என்று பயந்தார்களாம்! ஒரு காவலர் இலத்தீன் பாடல் ஒன்றைக் கற்றுக்கொண்டு, தூய ஆவியாரை அழைக்கும் அந்தப் பாடலை, காலை உடற்பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் பாடிக்கொண்டே போனார். இன்னொருவர், சிறு மரத்துண்டில் சிலுவை செய்ய அனுமதித்தார். அதை அவர் சோப்புக்கட்டிக்குள் மறைத்துவைத்தார். மற்றொருவர் மின்கம்பியும் குறடும் கொண்டுவந்து, அதற்குச் சங்கிலி செய்ய உதவினார். விடுதலைக்குப்பின், அந்தச் சிலுவையையே அவர் தன் மார்புச்சிலுவையாக அணிந்தார்.

1988 நவம்பர் 21, அன்னை மரியா கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுக்கப்பட்ட நினைவுநாள். உள்துறை அமைச்சர் அவரை அழைத்து, ஏதாவது விருப்பம் உண்டா என்று கேட்டார். விடுதலை வேண்டும் என்றார் வான் துவான். எப்போது என்று கேட்டதற்கு, 'இன்றே' என்றார். அமைச்சர் வியந்தார். மூன்று திருத்தந்தையர் காலத்திலும், சோவியத் கட்சியின் நான்கு பொதுச்செயலர்கள் காலத்திலும் சிறையில் இருந்துவிட்டேன், போதாதா என்று அவர் கேட்க, அமைச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் விடுதலை ஆனார். பதின்மூன்று ஆண்டுகள் 'இன்று' என்ற சொல்லிலேயே வாழ்ந்தவருக்கு, வேறு எந்தச் சொல் வாயில் வரும்?

1991ஆம் ஆண்டு உரோமைக்குச் சென்ற அவர், மீண்டும் தாய்நாட்டில் வாழ அனுமதிக்கப்படவில்லை. நீதி, அமைதி திருப்பீட அவையில் பணியாற்றினார். 2000ஆம் யூபிலி ஆண்டின் தவக்காலத்தில், திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுலுக்குத் தியான உரைகள் வழங்கினார். அதன் முடிவில், திருத்தந்தை அவருக்குத் தங்கமுலாம் பூசிய இரசக் கிண்ணம் ஒன்றைப் பரிசளித்தார். உள்ளங்கையில் மூன்று சொட்டு இரசத்தோடு திருப்பலி நிறைவேற்றிய நாட்களை அவர் அப்போது நினைவுகூர்ந்தார். 2001இல் கர்தினாலானார். 2002 செப்டம்பர் 16ஆம் நாள், புற்றுநோயால், தன் 74ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2017ஆம் ஆண்டு அவரை வணக்கத்திற்குரியவர் என்று அறிவிக்க ஒப்புதல் அளித்தார்.

அன்புள்ளங்களே, திருப்பாடல் சொல்லும் எழுபதுக்கும் எண்பதுக்கும் இடையில்தான் அவருடைய ஆயுளும் முடிந்தது. அதில் பதின்மூன்று ஆண்டுகளை மனிதர் பறித்தனர். ஆனால் பறிக்கப்பட்ட அந்த ஆண்டுகளே இன்று உலகிற்கு மறையுரையாக நிற்கின்றன. பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்களுக்குக் கிடைத்த மன்னா ஒருநாளுக்கு மட்டுமே உரியது. மறுநாளுக்கென்று ஒளித்துவைத்தது புழுத்துப்போனது. இயேசு கற்பித்த செபத்திலும், நாம் உணவை இன்றைக்கே கேட்கிறோம். அருளும் அப்படித்தான் வருகிறது. நாளைய கவலைக்கு இன்று அருள் இல்லை. இன்றைய அன்புக்கு இன்று அருள் உண்டு.

அப்படியானால், 'அதற்குப்பிறகு' என்று நாம் ஒத்திவைத்திருப்பதில் ஒன்றை இன்று எடுப்போம். பேசாமலிருக்கும் தம்பிக்கு இன்று மாலை ஓர் அழைப்பு. மூன்று தெரு தள்ளிப் படுத்துக்கிடக்கும் பெரியவரின் அருகில் அரைமணி நேரம். பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்ட ஒப்புரவு அருளடையாளம் இந்தச் சனிக்கிழமை. எதுவும் செய்ய இயலாத நிலையில் கட்டிலில் இருப்பவர்கள், மருந்து கொடுக்கும் கையை ஒருமுறை பற்றி நன்றி சொல்லலாம். தூக்கம் வராத இரவை யாரோ ஒருவருக்காக ஒப்புக்கொடுக்கலாம். இரவு படுக்குமுன், இன்று கிடைத்த நாளை யாருக்குக் கொடுத்தோம் என்று கடவுள் முன்னிலையில் ஒரு நிமிடம் கேட்டுப் பார்ப்போம்.

வாழ்வின் ஆண்டவரே, எங்கள் நாட்களின் எண்ணிக்கை உம் கையில் உள்ளது. இந்த நாளை எங்கள் கையில் தந்திருக்கிறீர். நாங்கள் கல்லறைகளில் நினைவுகூர்ந்த எம் முன்னோருக்கு உம் முகத்தைக் காட்டியருளும். நாங்களும் அங்கே வந்துசேரும்வரை, ஒவ்வொரு நாளையும் அன்பால் நிரப்பி உமக்குத் திருப்பித்தரும் வரத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.